சிராங்கூன் சாலை வெளிச்சமும் ஒரு ஃபுல் ஃப்ரேம் கேமராவும்

உயர்ந்த கேமரா ஒன்றை வாங்க உத்தேசிப்பவர்கள் முதலில் விசாரிப்பது அதன் மெகாபிக்சல் கணக்கைத்தான். நிக்கான் டி850 என்ற ஃபுல் ஃப்ரேம் டி.எஸ்.எல்.ஆர். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் நெடுநாள் சுற்றித் திரிந்ததில் எனக்கு உண்டான அபிப்பிராயம் வேறு. மிகுந்த பிரகாசமும் மிகுந்த இருளும் ஒரே படத்துக்குள் வந்து நிற்கும்போது, இரண்டிலும் உள்ள விவரங்களை எவ்வளவு தூரம் காப்பாற்றிக் கொடுக்கிறது என்பதே ஒரு கேமராவின் யோக்கியதையைக் காட்டும்.

2017ஆம் ஆண்டு வெளிவந்த இக்கேமராவின் சென்சார், பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தைப் போல ஏறக்குறைய 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உடையது, அதில் 45.7 மெகாபிக்சல்கள் உள்ளன. ஆயினும் நான் விசேஷமாகக் கருதுவது ஐ.எஸ்.ஓ. 64இல் அது தரும் ஒளி வீச்சையே. நண்பகல் வெயிலில் கெர்பாவ் சாலையில் உள்ள டான் டெங் நியா இல்லத்தை, அதாவது 1900ஆம் ஆண்டு கட்டப்பட்டு இன்று பல வண்ணங்களில் மின்னும் அந்த வீட்டை, எடுக்கும்போது, சுவரின் மஞ்சளும் தாழ்வாரத்து நிழலில் இருக்கும் மரவேலைப்பாடும் ஒரே ‘ரா’ (பதப்படுத்தாத) கோப்பில் சேதமின்றி வந்து சேர்கின்றன.

இரவில் கதை மாறுகிறது. தீபாவளிக் காலத்தில் சிராங்கூன் சாலை நெடுகிலும் அலங்கார வளைவுகள் ஒளிரும்போது, கீழே நடந்து செல்வோரின் முகத்தை உத்தேசித்து எக்ஸ்போஷர் வைத்தால், மேலே உள்ள ஊதா, நீல விளக்குகள் வடிவமிழந்து வெறும் திட்டுகளாகிவிடும். அப்படி அழிந்துபோன வெளிச்சத்தைப் பின்னர் எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது. நிழலில் புதைந்த முகத்தையோ ஓரளவு மேலே கொண்டுவந்துவிடலாம். ஆகவே, மிகப் பிரகாசமான பகுதிக்கு முதன்மை கொடுத்து ஒளியை அளக்கும் ‘ஹைலைட்’ மீட்டரிங் முறையை வைத்துக்கொண்டு, 14-பிட் ரா கோப்பாக எடுப்பதே என் வழக்கம். திரையில் படம் சற்று இருண்டு தோன்றினால் அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை.

இம்முறை எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடலாகாது. கேம்பல் லேனில் பூமாலை கட்டும் ஓர் அம்மையாரிடம் அனுமதி கேட்டபோது, “பூவை நல்லா எடுங்க தம்பி, என் மூஞ்சி வேணாம்” என்றார். “சரிம்மா, கையை மட்டும் எடுக்கிறேன்” என்று சொல்லி, மல்லிகைக் குவியலையும் விரல்களையும் மட்டுமே நோக்கினேன். சட்டகம் முழுவதும் வெள்ளைப் பூ நிறைந்திருக்கையில் எந்த மீட்டரும் ஏமாந்து பூவைச் சாம்பல் நிறமாக்கிவிடும்; ஆதலால் சாதாரண மேட்ரிக்ஸ் மீட்டரிங்குக்கு மாறி, மூன்றில் இரண்டு ஸ்டாப் கூட்டி வைத்தேன். 1/60 விநாடியில் நூலைச் சுழற்றும் விரல் கலங்கித் தெரிந்தது. 1/250இல் நகத்தில் ஒட்டியிருந்த இதழ்த் துணுக்குக்கூடத் தெளிவாயிற்று.

வேகத்தைக் கூட்டும்போது மற்றொரு சங்கடம் எழும். சிங்கப்பூரின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால், டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்கும் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இத்துடிப்பினால், தொடர்ச்சியாக எடுக்கும் படங்களில் ஒன்று பளிச்சென்றும் அடுத்தது மங்கியும் விழும். டி850இல் உள்ள ஃப்ளிக்கர் ரிடக்‌ஷன் வசதி, துடிப்பின் உச்சம் பார்த்து ஷட்டரைத் திறக்கிறது. அது இல்லாத கேமராவில் 1/100 அல்லது 1/50 வைப்பது உத்தமம். பூஜை வேளையில் சந்தடி கூடாதென்று லைவ் வியூவில் ஓசையற்ற எலக்ட்ரானிக் ஷட்டரைப் பயன்படுத்துவோர், இதே விளக்குகளின்கீழ் படத்தில் குறுக்குப் பட்டைகள் தோன்றக்கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மெகாபிக்சல் மிகுதிக்கும் ஒரு விலை உண்டு. நுண்ணிய கோடுகளை மழுங்கச் செய்யும் ஆப்டிகல் வடிகட்டி இதில் இல்லாமையால், கோபுரச் சுதை உருவங்கள் கூர்மையாகக் கிடைக்கின்றன. ஆனால் ஜவுளிக் கடையில் தொங்கும் பட்டுப்புடைவையின் நெருங்கிய இழைகளின் மீது, துணியில் இல்லாத வர்ண அலைகள் சில சமயம் ஓடும். ஓர் அடி முன்னே நகர்ந்தாலோ கோணத்தைச் சிறிது மாற்றினாலோ பெரும்பாலும் மறைந்துவிடும்.

தைப்பூசத்தன்று, ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டாங்க் சாலை ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலை நோக்கிக் காவடிகள் புறப்படும் விடியற்கு முந்திய வேளையில், ஆப்டிகல் வியூஃபைண்டரின் அருமை புலப்படும். ஆடிவரும் காவடியைத் திரையில் அன்றி நேரே கண்ணாலேயே பின்தொடர முடிகிறது. ஆயினும் 153 ஃபோகஸ் புள்ளிகளும் சட்டகத்தின் நடுப்பாகத்திலேயே நெருங்கியிருப்பதால், ஓரத்தில் வரும் முகத்தைப் பிடிக்கச் சற்று அகலமாக எடுத்துப் பின்னர் வெட்டிக்கொள்வது நலம், 45.7 மெகாபிக்சல் உண்மையாகவே உதவும் சந்தர்ப்பம் அதுதான். மின்கலத்தோடு ஏறக்குறைய 1 கிலோ எடையுள்ள உடலுடன் கனத்த ஜூம் லென்ஸும் சேர்ந்தால் கழுத்து நோகும் என்பதால், நெடுநேரம் நிற்க வேண்டிய நாளில் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றே எனக்குப் போதுமானது.

குளிரூட்டிய ரயிலிலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்தவுடன் லென்ஸில் ஆவி படிவது இவ்வூரில் சகஜம். பையை மூடியபடியே சற்று நேரம் பொறுத்திருந்தால் போதும். வீட்டில் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைக்கும் உலர்பெட்டியை ஆடம்பரம் என எண்ணுவது தகாது. லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிட்டால், சுத்தம் செய்யும் செலவு சில வேளை லென்ஸின் விலையையே எட்டிவிடும்.

2018இல் நிக்கானும் கேனனும் கண்ணாடியில்லா ஃபுல் ஃப்ரேம் கேமராக்களைக் கொண்டுவந்த பின்னர், பயன்படுத்திய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் குறைந்த விலைக்கு ஏராளமாகக் கிடைக்கின்றன. சிட்டி ஹால் அருகே பெனின்சுலா பிளாசா பக்கத்துக் கடைகளில் வாங்கச் செல்பவர்கள், 2,00,000 முறை சோதிக்கப்பட்ட டி850இன் ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேட்பதோடு நின்றுவிடாமல், தங்கள் மெமரி கார்டையும் கொண்டு செல்லட்டும். கடை விளக்கும் அதன் கீழுள்ள இருண்ட மூலையும் சேர்ந்து வருமாறு ரா கோப்பில் ஒரு படம் எடுத்து, வீட்டுக் கணினியில் அந்த மூலையை வெளிச்சமாக்கிப் பார்த்துவிட்டு, மறுநாள் பணத்தைக் கொடுக்கட்டும்.