நியூ ஆர்லியன்ஸில் உங்கள் ரூம்

அன்புள்ள கதிருக்கு,

சித்தி எழுதுகிறேன். அக்டோபரில் நீயும் ஜெயனும் ஹூஸ்டன் வந்து, இங்கிருந்து காரிலேயே நியூ ஆர்லியன்ஸ் போகிறீர்கள் என்று படித்ததும் எனக்கும் சித்தப்பாவுக்கும் அவ்வளவு சந்தோஷம். ஆனால், "ரெண்டு கட்டில் ரூம் போட்டிருக்கோம், யாராவது கேட்டா கசின்ஸ்னு சொல்லிக்கலாம்" என்று நீ எழுதியது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த புக்கிங்கை இன்றைக்கே ரத்து செய். இருவர் பெயரையும் கொடுத்து, ஒரே பெரிய கட்டில் வேண்டும் என்று கேட்டு வேறு ரூம் போடு.

தைரியம் மட்டும் போதும் என்று சொல்லவில்லை. சட்டத்தையும் தெரிந்துகொள். ஹோட்டலிலும் சாப்பாட்டுக் கடையிலும் இனம், நிறம், மதம், பூர்விக நாடு பார்த்து ஆளைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று 1964-இல் இந்த நாடு சட்டம் போட்டது. அந்தப் பட்டியலில் உங்களைப் போன்ற ஜோடிகள் இல்லை. லூசியானா மாநிலச் சட்டத்திலும் இல்லை. நியூ ஆர்லியன்ஸ் நகரம் மட்டும் 1991-இலேயே தன் நகரச் சட்டத்தில் பாலீர்ப்பைச் சேர்த்துக்கொண்டது. அது நகர எல்லைக்குள்தான் செல்லும். நீங்கள் காரில் போகும்போது நகரத்துக்கு முன்னாலேயே கென்னர், மெட்டேரி என்று ஊர்கள் வரும். விமான நிலையமே கென்னரில்தான் இருக்கிறது. அங்கே வாடகை குறைவாகக்கூடக் கிடைக்கலாம். அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம், ஊருக்குள்ளேயே தங்குங்கள்.

ஊருக்குள் எங்கே? பிரெஞ்ச் குவார்ட்டரில் பூர்பன் தெரு என்றால் கெனால் தெருப் பக்கம் ஒரே இரைச்சல். செயின்ட் ஆன் தெருவைத் தாண்டியதும் வானவில் கொடிகள் தெரியும். அது உங்கள் பக்கம். டுமெய்ன் தெரு முனையில் 'கஃபே லஃபீட் இன் எக்ஸைல்' என்ற பார் 1953 முதல் இருக்கிறது. எஸ்பிளனேட் அவென்யூவைக் கடந்தால் மாரினி. இடிந்துகொண்டிருந்த அந்தப் பேட்டையின் பழைய வீடுகளை 1970-களில் வாங்கிப் பழுதுபார்த்துக் குடியேறியவர்களில் கே ஆண்கள் நிறையப் பேர். முற்றம் வைத்த அந்த மாதிரி வீடுகள் சில இப்போது விருந்தினர் விடுதிகளாக இருக்கின்றன. என்னைக் கேட்டால் பெரிய ஹோட்டலைவிட அதுதான் உங்களுக்கு நல்லது. உரிமையாளருக்கு நேரடியாக எழுது. "நாங்கள் இருவரும் ஒரு ஜோடி" என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும். வரும் பதிலின் தொனியே எல்லாவற்றையும் சொல்லிவிடும். மழுப்பலாக எழுதினால் அடுத்த விடுதியைப் பார்.

(செப்டம்பர் முதல் வாரத்து லேபர் டே விடுமுறையில் சதர்ன் டெக்கடன்ஸ் என்ற கே விழா நடக்கும், 1972-இல் தொடங்கியது. அப்போது ரூம் கிடைப்பதே கஷ்டம். நீங்கள் அக்டோபரில் வருவது ஒருவகையில் நல்லதுதான். புயல் காலம் மட்டும் நவம்பர் கடைசிவரை உண்டு, வானிலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.)

இனி சாப்பாட்டு விஷயம். கஃபே டு மோண்டில் சிக்கரி கலந்த காப்பி கிடைக்கும். நம் வீட்டு டிகாக்‌ஷன் வாசம் அதில் உண்டு. திங்கட்கிழமை எங்கே போனாலும் சிவப்பு பீன்ஸும் சோறும் இருக்கும். ஜெயன் கறி சாப்பிடாதவன், அவனிடம் சொல்: அந்த பீன்ஸில் பெரும்பாலும் பன்றிக்கறி போட்டிருப்பார்கள், கீரையிலும்கூட. கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும்.

ட்ரெமே பகுதியில் இருக்கும் டூக்கி சேஸ் உணவகத்துக்குக் கட்டாயம் போங்கள். 1941-இல் தொடங்கிய கடை. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவது சட்டவிரோதமாக இருந்த நாட்களில், சம உரிமைப் போராட்டக்காரர்களை மாடியில் உட்காரவைத்து கம்போ சூப் பரிமாறியவர் லியா சேஸ். 2019-இல் காலமானார். யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று பிறர் கட்டளை போட்ட ஊரில் அந்த அம்மாள் தன் சமையலறையை வைத்துக்கொண்டு அதை மீறினார். அங்கே நீங்கள் இருவரும் ஒரு மேஜையில் உட்கார வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொரு இடமும் உண்டு. குவார்ட்டரிலேயே ஐபர்வில் தெருவும் ஷார்ட்ரஸ் தெருவும் சந்திக்கும் முனை. அங்கே இரண்டாம் தளத்தில் 'அப்ஸ்டேர்ஸ் லவுஞ்ச்' என்ற கே பார் இருந்தது. 1973 ஜூன் 24, ஞாயிற்றுக்கிழமை மாலை, படிக்கட்டில் யாரோ தீ வைத்தார்கள். ஜன்னல்களில் கம்பி. 32 பேர் இறந்தார்கள். நினைவு வழிபாட்டுக்குத் தேவாலயங்கள் கதவு திறக்கத் தயங்கின. சில உடல்களை உரிமை கோர ஆள் வராமல் பொது இடுகாட்டில் புதைத்தார்கள். யாருக்கும் தண்டனை இல்லை. நகர மன்றம் மன்னிப்புக் கேட்டது 2022-இல். நடைபாதையில் பெயர்கள் பொறித்த தகடு பதித்தார்கள். அந்த முனையில் நின்று இறந்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் இன்று உங்களுக்குக் கொடுக்கும் வரவேற்பு அவர்கள் இருந்தபோது கிடைக்கவில்லை. அதனால்தான் கசின்ஸ் என்று சொல்லாதே என்கிறேன்.

பகலில் கைகோத்து நடங்கள். நள்ளிரவுக்குமேல் வெறிச்சோடிய தெருக்களில் நடக்காதீர்கள், டாக்ஸி பிடியுங்கள். இதை எந்த ஜோடிக்கும் சொல்வேன். ஃபோட்டோக்களை உன் அம்மாவுக்குக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். அக்காவிடம் நான் முந்திக்கொண்டு எதுவும் சொல்லமாட்டேன்.

கடைசி இரவு கலட்வார்ஸில் சாப்பிடுங்கள், சித்தப்பாவின் செலவு. 1905 முதல் நடக்கும் இடம். டென்னஸி வில்லியம்ஸ் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' நாடகத்தில் பேர் சொல்லிக் குறிப்பிட்ட உணவகம். மாலை ஐந்துக்குமேல் ஆண்கள் கோட்டு போட்டிருக்க வேண்டும். உனக்குச் சித்தப்பாவின் சாம்பல் நிறக் கோட்டு சரியாக இருக்கும். ஜெயனின் தோள் அளவை எழுதி அனுப்பு, அவனுக்கும் ஒன்று வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
சித்தி