இறுகிய நட்டும் இயற்பியலும்

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது முதுமொழி. அம்மி நகரலாம், துருப்பிடித்த நட்டு நகருமா? இவ்வினாவுக்கு விடை காணச் சென்ற கோடை விடுமுறையில், காளையார்கோவிலில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் இரண்டு நாட்களைச் செலவிட்டேன். வகுப்பறையில் கேட்ட இயற்பியல் அங்கேதான் கைக்கு வந்தது. அதைக் கற்பதற்குள் ஒரு ஸ்டட்டை முறித்தும் விட்டேன். அப்பாடத்தை மாணவ நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டியும் பழுதும்

என் பெரியப்பாவிடம் ஒரு பழைய அம்பாசிடர் கார் உண்டு. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் உருவாகி வந்த வண்டி அது. 2014-ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றது. எங்களுடையது 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின். எரிந்த புகையைத் திரட்டிச் சைலன்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்புப் பகுதியை மேனிபோல்டு என்பர். அதற்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் இடையிலுள்ள கேஸ்கட் எரிந்துபோனதால் 'பட் பட்' என்ற ஓசையோடு புகை கசிந்தது.

ஓசையைப் பொறுக்கலாம், புகையைப் பொறுக்கலாகாது. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நஞ்சு. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் பிடித்துக்கொள்ளும். அடுத்த திங்களன்று கண் அறுவைக்காக அப்பத்தாவை அந்த வண்டியில்தான் மதுரைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஆகவே மேனிபோல்டைக் கழற்றியே தீர வேண்டியதாயிற்று.

நான் செய்த பிழை

முதல் நட்டு அசையவில்லை. ரிங் ஸ்பேனரின் கைப்பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி இழுத்தேன். 'டக்' என்றது. கழன்றுவிட்டதென மகிழ்ந்தேன். கையில் வந்ததோ நட்டும், அதற்குள் முறிந்து நின்ற பாதி ஸ்டட்டும்!

பெரியப்பா கடிந்துகொள்ளவில்லை. "இழுத்ததெல்லாம் சரி தம்பி. அது எதனாலே பிடிச்சுக்கிட்டு இருக்குன்னு பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவு கணக்கிட்டேன். குழாயோடு சேர்த்து 60 செ.மீ. நீளத்தில் 15 கிலோ எடையளவு இழுத்தால் திருப்பு விசை ஏறத்தாழ 88 நியூட்டன் மீட்டர். சுமார் 8 மி.மீ. தடிமனுள்ள ஸ்டட்டில் நட்டை இறுக்க 20 முதல் 25 வரை போதும். முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது, 16 மி.மீ. ஸ்டட் தாங்குவதில் எட்டில் ஒரு பங்கையே 8 மி.மீ. ஸ்டட் தாங்கும். சக்கர நட்டுக்கு உதவும் குழாய் இங்கே பகையானதில் வியப்பில்லை.

பிடித்து வைத்திருப்பது எது?

பெரியப்பாவின் கேள்விக்கு விடை துருதான். இரும்பு துருவாகும்போது பருமன் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகுகிறது. மரைகளுக்கு இடையிலுள்ள சிறு வெளியில் அது பெருகினால் ஆப்பு அடித்தது போலாகும். மேனிபோல்டோ நாள்தோறும் பழுக்கச் சூடேறி ஆறுவது. எனவே துரு அங்கே விரைந்து முற்றுகிறது. நாம் வெல்ல வேண்டியது நட்டை அன்று, இந்த ஆப்பைத்தான்.

மூன்று வழிகள்

முதலாவது, ஊறவைத்தல். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, மெல்லிய எண்ணெய் நுண்புழைக் கவர்ச்சியால் மரைக்குள் நுழையும். எஞ்சின் ஆயில் கெட்டியானது, நுழையத் தயங்கும். மண்ணெண்ணெயோ டீசலோ நன்று. மாலையில் விட்டு, இரவில் மீண்டும் விட்டு, காலை வரை காத்திருந்தேன்.

இரண்டாவது, தட்டுதல். நட்டின் பக்கங்களில் சிறு சுத்தியால் பலமுறை மெல்லத் தட்டினால் துரு நொறுங்கி எண்ணெய்க்கு வழிவிடும். பிறகு எடுத்த எடுப்பில் கழற்றாமல், முதலில் இம்மியளவு இறுக்கும் பக்கம் திருப்பி, அதன்பின் கழற்றும் பக்கம் திருப்ப வேண்டும். கால் சுற்று வந்தால் அரைக்கால் சுற்றுத் திரும்பப் போக வேண்டும். 'கீச்' என்று ஒலித்தால் நிறுத்தி மீண்டும் எண்ணெய் விட வேண்டும். இவ்வாறு செய்ததில் ஒன்று நீங்கலாக மற்றவை கழன்றன.

மூன்றாவது, சூடேற்றல். நட்டைச் சுடவைத்தால் அதன் துளை சுருங்கும் என்று சிலர் எண்ணுவர். துளையும் விரியவே செய்யும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாட்டும் ஆசாரி, அதை வட்டமாக நெருப்பிலிட்டுப் பழுக்கவைத்து மாட்டி, நீரூற்றி இறுக்குவார். அதே விதிதான். எஃகு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். நட்டு, ஸ்டட்டைவிட 300 டிகிரி கூடுதலாகச் சூடானால் 8 மி.மீ. துளை சுமார் 0.03 மி.மீ. அகலும். தலைமுடியின் பருமனைவிடக் குறைவுதான். ஆயினும் துருவின் பிடி விட அது போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இவ்வெஞ்சினில் கார்புரேட்டர் மேனிபோல்டுக்கு மேலேயே இருக்கிறது. அதைக் கழற்றி அப்பால் வைத்து, பெட்ரோல் குழாயை அடைத்து, பேட்டரி இணைப்பை நீக்கி, வழிந்த எண்ணெயைத் துடைத்து, மணல் வாளியை அருகில் வைத்த பிறகே பெரியப்பா என் கையில் ஊதுவிளக்கைக் கொடுத்தார். நட்டை மட்டும் சூடேற்றினேன். ஸ்பேனரை வைத்ததும் அது வெண்ணெய் போல் திரும்பியது.

முறிந்த ஸ்டட்

ஹெட்டில் நீட்டிக்கொண்டிருந்த துண்டின்மேல் வேறொரு நட்டை வைத்து, பட்டறையிலிருந்து வந்த வெல்டிங் அண்ணன் உள்ளே பற்றவைத்தார். சூட்டில் விரிந்த ஸ்டட் ஆறும்போது சுருங்கியது, துருப்பிடி தளர்ந்தது. புதிய நட்டைத் திருப்ப, துண்டும் உடன் வந்தது. நான் ஒரு நொடியில் முறித்ததை எடுக்க அவருக்கு ஒரு மணி நேரமும் எங்களுக்குக் கூலியும் ஆயின.

புதிய கேஸ்கட் வைத்து, பித்தளை நட்டுகளால் பூட்டினோம். பித்தளை துருப்பிடியாது, அடுத்த முறை கழற்றுபவன் நம்மை வாழ்த்துவான். திங்கட்கிழமை அப்பத்தா மதுரைக்குப் போய் வந்தார். வண்டியில் ஓசையில்லை, புகையில்லை.

முடிவுரை

வலிமை வேண்டாம் என்று நான் கூறவில்லை. எது தடுக்கிறது என்று அறிந்த பின் வரும் வலிமையே வேலையை முடிக்கும். அறியாமுன் வரும் வலிமை ஸ்டட்டை முறிக்கும். விடை வராத கணக்கோடு மல்லுக்கட்டும் நண்பர்களும், பாடம் ஏறாத எங்களோடு போராடும் பேராசிரியர்களும் பெரியப்பாவின் அந்த ஒரு கேள்வியை ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.