வாரத்தில் இரண்டு நாள் கேட்சர்

அன்புள்ள கவின்,

டேவிட் ராஸின் கணக்கைப் பார்த்துவிட்டு நீ கேட்டது சரியான கேள்வி. நூறு முறை மட்டை பிடித்தால் சுமார் 23 முறைதான் அவர் உருப்படியாக அடித்திருக்கிறார். அப்படிப்பட்டவரை அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீகில் 15 சீசன் எப்படி வைத்திருந்தார்கள் என்கிறாய். இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார். அத்தனை வருஷத்தில் அவர் ஆடியது மொத்தமே 883 ஆட்டம். ஓர் அணி ஒரு சீசனுக்கு 162 ஆட்டம் ஆடுகிறது. ஆக, மூன்று ஆட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் அவர் களத்தில் இறங்கியிருக்கிறார். பேக்கப் கேட்சர் என்பது அந்த விளையாட்டுக்குள்ளேயே ஒரு தனித்தொழில். ராஸ் அதில் கைதேர்ந்தவர். அந்தத் தொழிலைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கேட்சரை நம் விக்கெட் கீப்பராக நினைத்துக்கொண்டு பார்க்க ஆரம்பிக்கலாம். இருவரும் மட்டைக்காரருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கிறார்கள். ஒற்றுமை அவ்வளவுதான். ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 150 பந்து. ஒவ்வொன்றுக்கும் கேட்சர் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். 18.44 மீட்டர் தூரத்திலிருந்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, மட்டையின் ஓரத்தில் உரசினால் நேராக முகமூடியில் வந்து மோதும். அடுத்த பந்து எது, எந்தப் பக்கம் என்று பந்து வீசும் பிட்சருக்குச் சொல்வதும் பெரும்பாலும் அவர்தான். முன்பு விரலால் சைகை காட்டுவார்கள். 2022 முதல் பிட்ச்காம் என்ற கருவி வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் பிட்சரின் தொப்பிக்குள் குரல் கேட்கும்.

ஆறு மாதத்தில் 162 ஆட்டத்தை ஒரே ஆளின் முழங்கால் தாங்காது. முதல் கேட்சர் 120 ஆட்டம் ஆடினாலே பெரிது. மிச்சம் இரண்டாமவருக்கு. இரவு ஆட்டம் முடிந்து மறுநாள் மதியமே இன்னோர் ஆட்டம் வந்தால், அந்த மதிய ஆட்டம் அநேகமாக அவருடையது. மற்ற நாட்களில் சும்மா இருக்கிறாரே, நடுவில் ஒரு முறை மட்டை பிடிக்க அனுப்பக் கூடாதா என்று உனக்குத் தோன்றும். அனுப்ப மேனேஜர்கள் தயங்குவார்கள். 26 பேர் கொண்ட அணியில் கேட்சர்கள் வழக்கமாக இரண்டே பேர். ஏழாவது இன்னிங்ஸில் அவரைச் செலவழித்துவிட்டு, எட்டாவதில் முதல் கேட்சரின் விரல் உடைந்தால் அந்த இடத்தில் உட்கார ஆள் கிடையாது. அதனால், அணிக்கு அவர் எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கு அவரை ஆடாமல் காப்பாற்றி வைக்கிறார்கள். இது ரொம்பக் கஷ்டமான இடம் என்பது என் எண்ணம். இன்றைக்கு ஆட்டம் இல்லை என்று தெரிந்தே தினமும் தயாராக வர வேண்டும்.

என்ன தயாரிப்பு? அணியில் 13 பிட்சர்கள் வரை இருப்பார்கள். அத்தனை பேரின் கையும் மனமும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். யாருக்கு அடி விழுந்தால் கோபம் வரும், யார் பதறி அவசர அவசரமாக வீசுவார், யாரைத் தட்டிக்கொடுக்க வேண்டும், யாரிடம் கறாராகப் பேச வேண்டும் என்பதெல்லாம் சேர்த்துத்தான். எதிரணி மட்டைக்காரர்களின் பலவீனங்களையும் படித்து வைத்திருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் ஆடுபவருக்கும் பாடம் முழுசுதான்.

ராஸ் இதைச் சுலபமாகக் கற்றுக்கொள்ளவில்லை. சின்சினாட்டி அணியில் 2006இல் 21 ஹோம் ரன் அடித்தவர் அவர். முதல் கேட்சராகவே நிலைத்துவிடலாம் என்ற நிலை. இரண்டே வருஷத்தில், 2008 ஆகஸ்டில், அந்த அணி அவரை விடுவித்தது. பிறகு அட்லாண்டாவில் நான்கு சீசன், பிரையன் மெக்கேனுக்குப் பின்னால் இரண்டாம் ஆள். அங்குதான் அவருடைய பெயர் வேறு விதமாகப் பேசப்பட ஆரம்பித்தது.

ஜான் லெஸ்டர் என்ற இடக்கைப் பிட்சரைப் பற்றிச் சொல்கிறேன், கேள். அந்தத் தலைமுறையின் பெரிய பிட்சர்களில் ஒருவர். ஆனால், முதல் பேஸில் நிற்கும் ஓட்டக்காரரை மிரட்டப் பந்தை அங்கே எறிய அவருக்குக் கை வராது. மட்டைக்காரருக்குக் குறி தப்பாமல் வீசும் அதே கை, பக்கவாட்டில் எறிய மறுத்துவிடும். எதிரணிகளுக்கு இது தெரிந்துபோனது. ஓட்டக்காரர்கள் பேஸை விட்டுத் தாராளமாக விலகி நிற்க ஆரம்பித்தார்கள். அதற்குப் பதில் ராஸின் கை. பந்தைப் பிடித்த வேகத்தில் முதல் பேஸுக்கு விட்டெறிவார். அங்கே முதல் பேஸைக் காக்கும் ஆந்தனி ரிஸ்ஸோ காத்திருப்பார். எப்போது வரும் என்று தெரியாததால் ஓட்டக்காரர் கால் எடுத்து வைக்கவே யோசிப்பார். 2014 டிசம்பரில் சிகாகோ கப்ஸ் அணி லெஸ்டரை ஆறு வருஷத்துக்கு 15.5 கோடி டாலருக்கு எடுத்தது. அதே மாதம் ராஸையும் இரண்டு வருஷத்துக்கு எடுத்தது. அது தற்செயலாக நடந்தது என்று நான் நினைக்கவில்லை.

2016 நவம்பர் 2, கிளீவ்லாந்து. உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். 1908க்குப் பிறகு கப்ஸ் பட்டம் வென்றதில்லை. ஐந்தாவது இன்னிங்ஸில் 5–1 என்று முன்னிலையில் இருக்கும்போது லெஸ்டரும் ராஸும் சேர்ந்து உள்ளே வருகிறார்கள். வந்ததும் ஒரு மெதுவான பந்தை ஓடி எடுத்து ராஸ் முதல் பேஸுக்கு எறிகிறார்; அது தறிகெட்டுப் போகிறது. சற்று நேரத்தில் லெஸ்டர் தரையில் குத்திய பந்து எகிறி ராஸின் முகமூடியில் பட்டுத் தெறிக்கிறது. அவர் நிலை தடுமாற, இரண்டு பேர் ஓடிவந்து ரன் எடுத்துவிடுகிறார்கள். 5–3. அப்போது ராஸுக்கு வயது 39, ஓய்வு பெறப்போவதாக முன்பே அறிவித்தாயிற்று, அதுவே கடைசி ஆட்டம். அடுத்த இன்னிங்ஸில் மட்டை பிடித்து, அந்த அக்டோபரில் யாராலும் எளிதில் அடிக்க முடியாதிருந்த ஆண்ட்ரூ மில்லரின் பந்தை நடு மைதானத்துக்கு மேலே பறக்கவிட்டு ஹோம் ரன் அடித்தார். உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஹோம் ரன் அடித்தவர்களிலேயே அவர்தான் மூத்தவர். பத்தாவது இன்னிங்ஸ் வரை இழுத்த ஆட்டத்தைக் கப்ஸ் 8–7 என்று வென்றது. நீ அந்த ஹோம் ரனை மட்டும் பார்க்காதே. அதற்கு முந்தைய பத்து நிமிஷத்தையும் சேர்த்துப் பார்.

ஒரே ஒரு பிட்சருக்காகவே வேலை கிடைத்தவர்களும் உண்டு. பாஸ்டனின் டிம் வேக்ஃபீல்ட் நக்கிள்பால் வீசுவார். பந்து சுழலாமல் மெதுவாக வந்து, காற்றில் அங்குமிங்கும் ஆடும். எங்கே போகும் என்று வீசியவருக்கே தெரியாது. அதைப் பிடிக்கப் பழகியவர் டக் மிராபெல்லி. அவரை 2005 கடைசியில் சான் டியாகோவுக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்த ஜாஷ் பார்ட் ஏப்ரல் மாதத்திலேயே 10 பந்துகளைத் தவறவிட்டார். 2006 மே 1 அன்று பாஸ்டன், பார்டையும் இன்னொரு பிட்சரையும் கொடுத்து மிராபெல்லியைத் திரும்ப வாங்கியது. அன்றிரவே யாங்கீஸ் அணியுடன் ஆட்டம், வீசப்போவது வேக்ஃபீல்ட். விமான நிலையத்திலிருந்து போலீஸ் வண்டி வழிவிலக்க, காருக்குள்ளேயே சீருடை மாற்றிக்கொண்டு மைதானத்துக்கு வந்து சேர்ந்தார் மிராபெல்லி. ஆட்டத்தையும் வென்றார்கள்.

இப்போது கையின் நுணுக்கத்துக்கு வருகிறேன். ஸ்ட்ரைக் எல்லையின் ஓரத்தில் வரும் பந்தை அம்பயர் எப்படிப் பார்க்கிறார் என்பது கேட்சர் அதைப் பிடிக்கும் விதத்தைப் பொறுத்தது. தாழ்வாக வரும் பந்தை மேலிருந்து அமுக்கிப் பிடித்தால் கிளவ் கீழே போகும். பந்து எல்லைக்கு வெளியே போனதுபோல் தெரியும். கீழிருந்து ஏந்தி, மணிக்கட்டு அசையாமல் நிறுத்தினால் உள்ளே வந்ததுபோல் தெரியும். இதை ஃபிரேமிங் என்பார்கள். மோலினா சகோதரர்கள் மூவரும் கேட்சர்கள். மூவரில் நடுப் பிள்ளையான ஹோசே, பெரும்பாலான காலம் இரண்டாம் கேட்சராகவே இருந்தார். ஓட்டமும் இல்லை, மட்டையும் சுமார். மைக் ஃபாஸ்ட் என்ற ஆய்வாளர் 2011இல் பந்துகளின் தடங்களை அளந்து பார்த்தபோது, இந்த வித்தையில் தலைசிறந்தவர்களில் அவர் ஒருவர் என்று தெரிந்தது. அதே ஆண்டின் இறுதியில் டம்பா பே அணி, 36 வயதான அவரைத் தேடிப்பிடித்து ஒப்பந்தம் செய்தது. அத்தனை வருஷமும் எந்தப் பட்டியலிலும் ஏறாமல் செய்த வேலைக்கு அப்போதுதான் ஓர் அளவுகோல் கிடைத்தது. வருத்தமாகத்தான் இருக்கிறது, இன்னும் முன்பே கிடைத்திருக்கலாம்.

2026 சீசன் முதல் அம்பயரின் தீர்ப்பை எதிர்த்து முறையிடும் வசதி உச்ச லீகில் வருகிறது. கேமரா அளந்து சொல்லிவிடும். ஏந்திப் பிடிக்கும் வித்தையின் மதிப்பு கொஞ்சம் இறங்கும். ஆனால், முறையிட உரிமை உள்ள மூவரில் கேட்சரும் ஒருவர். பந்து எல்லையைத் தொட்டதா என்று அவர் அளவுக்குக் கிட்டத்திலிருந்து பார்ப்பவர் யாருமில்லை.

காசு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உச்ச லீகில் 2026இல் குறைந்தபட்சச் சம்பளம் 7,80,000 டாலர். அதற்கு ஒரு படி கீழே டிரிபிள் ஏ மைனர் லீகில், 2023 ஒப்பந்தப்படி, குறைந்தபட்சம் 35,800 டாலர். உச்ச லீக் அணியில் 43 நாள் இருந்துவிட்டால் ஓய்வூதியத்துக்குத் தகுதி வந்துவிடும். எங்கோ ஒரு முதல் கேட்சரின் கட்டைவிரல் சுளுக்கினால், இன்னொருவர் வீட்டில் கடன் அடையும். எரிக் கிராட்ஸ் என்ற கேட்சர், 2002இல் அணிகள் புது வீரர்களை எடுக்கும் தேர்வில் 866ஆவது ஆளாகத் தேர்வானவர். முதல் உச்ச லீக் ஆட்டம் ஆடும்போது வயது 30. பிறகு ஊர் ஊராக, அணி அணியாக மாறினார். அக்டோபர் நாக் அவுட் ஆட்டம் ஒன்றில் முதன்முதலாக இறங்கியது 38 வயதில், 2018இல், மில்வாக்கி அணிக்காக.

உடம்பு கொடுக்கும் விலை வேறு. மைக் மதினி என்ற கேட்சருக்குத் தலையில் திரும்பத் திரும்பப் பட்ட அடியால் 2006க்குப் பிறகு ஆடவே முடியவில்லை. ராஸும் 2013இல் தலையடியால் இரண்டு மாதத்துக்கு மேல் உட்கார்ந்தார். 2011இல் தலையடிக்கென்று ஏழு நாள் ஓய்வுப் பட்டியல் வந்தது. ஓடிவருபவர் கேட்சரை இடித்துத் தள்ளுவதை 2014இல் விதி போட்டுத் தடுத்தார்கள். இரண்டுமே தாமதமாக வந்தவை.

இப்படிப் பல வருஷம் மேனேஜருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களில் பலர் பிறகு மேனேஜராகவே ஆகியிருக்கிறார்கள். புரூஸ் போச்சி ஒன்பது சீசனில் ஆடியது 358 ஆட்டம்தான். மேனேஜராக நான்கு உலகத் தொடர்களை வென்றார். கெவின் கேஷ் நூற்றுக்கு 18 முறைதான் அடித்தவர். அவருக்கு 2020, 2021 இரண்டு ஆண்டும் அமெரிக்கன் லீகின் சிறந்த மேனேஜர் விருது. ராஸும் 2020 முதல் நான்கு சீசன் கப்ஸை நடத்தினார்.

அடுத்த சீசனில் ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டம் ஒன்றைப் பார். கிழக்குக் கரையில் மதியம் ஒரு மணி என்றால் நமக்கு இரவு பத்தரை. முந்தைய இரவும் அந்த அணி ஆடியிருந்தால், பெயர் தெரியாத ஒரு கேட்சர் இறங்க வாய்ப்பு அதிகம். பந்தை விட்டுவிட்டு அவருடைய கிளவ்வைப் பார். ஓரப் பந்துகளை எங்கிருந்து ஏந்துகிறார் என்று கவனி. இன்னிங்ஸ் முடிந்து பிட்சர் பெஞ்சுக்குத் திரும்பும்போது பக்கத்தில் யார் போய் உட்கார்கிறார், எவ்வளவு நேரம் பேசுகிறார் என்றும் பார்த்துவிட்டு எனக்கு எழுது. அம்மாவிடம் கேட்டுக்கொண்டு பார்; மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கிறது.

அன்புடன்,
மாமா