சாரையும் கூகையும் வயலுக்குக் காவல்

காரைக்கால், திருநள்ளாறு, நெடுங்காடு பகுதிகளில் சம்பா, தாளடிப் பயிர் தொண்டைக்கதிர் பருவத்துக்கு வரும்போது எலித் தொல்லை மிகும். அதே சமயம், வரப்பில் சாரைப் பாம்பைக் கண்டால் தடி எடுப்பதும், கூகை அலறினால் கல்லெறிந்து விரட்டுவதும் பல ஊர்களில் வழக்கமாக உள்ளது. காவல்காரனை அடித்துவிட்டுத் திருடனுக்குப் படியளக்கும் காரியம் இது.

எலி, சாரை, கூகை மூன்றுக்கும் முதுகெலும்பு உண்டு. முதுகெலும்புள்ள பிராணிகளை மீன்கள், தவளை போன்ற நிலநீர் வாழ்வன, ஊர்வன, பறவைகள், பாலூட்டிகள் என ஐந்து வகுப்பாகப் பிரிப்பர். வரப்பில் வளை போடும் நண்டு இவற்றில் சேராது. இறாலும் அப்படியே, மீன் கடையில் விற்றாலும் அது மீன் அல்ல. காரைக்கால் கடலில் துள்ளும் ஓங்கிலோ, பார்வைக்கு மீனாக இருந்தும் நுரையீரலால் சுவாசித்துக் குட்டிக்குப் பால் கொடுக்கும் பாலூட்டி.

விவசாயிக்கு முக்கியமானது இரத்தத்தின் சூடு. பறவைகளும் பாலூட்டிகளும் வெப்ப இரத்தப் பிராணிகள். உடல் சூட்டைக் காக்க இவற்றுக்குத் தினமும் இரை வேண்டும். அதனால்தான் எலி இரவு தவறாமல் தூரை வெட்டுகிறது. அதனால்தான் கூகையும் இரவு தவறாமல் எலி பிடிக்கிறது. சாரை குளிர் இரத்தப் பிராணி. ஒரு எலியை விழுங்கினால் சில நாள் சும்மா கிடக்கும். ஆனால் வளைக்குள் புகுந்து குட்டிகளையும் தின்ன அதனால் முடியும், கூகையால் முடியாது. எலியின் கர்ப்ப காலம் ஏறக்குறைய மூன்று வாரமே என்பதால் வயலுக்கு இரண்டும் தேவை.

சாரைக்கு விஷம் கிடையாது. அது நல்ல பாம்பின் ஜோடி என்பது வெறும் கதை. இரண்டும் வெவ்வேறு இனம். அடையாளம் தெரியாத பாம்பானால் ஒதுங்கிப் போவதே நல்லது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சாரையைக் கொல்வது குற்றமாகும்.

பூச்சிகளைத் தின்னும் தவளை, ஈரத் தோலாலும் சுவாசிக்கிறது. தெளிக்கும் மருந்து அந்தத் தோல் வழியே எளிதில் உள்ளே இறங்கும். ஆகவே தேவையின்றி மருந்தடிக்கக் கூடாது.

எலி வளை தோண்ட இடமில்லாதபடி வரப்புகளைச் சிறிதாக அமைக்க வேண்டும். தஞ்சாவூர் கிட்டிகளை மாலையில் வைத்துக் காலையில் எடுக்கலாம். இதில் விஷம் இல்லை. கூகை அமர, வயலுக்குள் மூங்கில் கழி நட்டு, உச்சியில் குறுக்குக் கட்டை கட்டலாம். கதிர் முற்றத் தொடங்கியதும் கழிகளைப் பிடுங்கிவிட வேண்டும்; இல்லாவிடில் பகலில் குருவிகள் அமர்ந்து நெல்லைக் கொத்தும். விஷ உணவு வைத்தவர்கள், செத்த எலிகளைக் காலையிலேயே பொறுக்கி ஆழமாகப் புதைப்பது அவசியம். கூகையும் நாயும் அவற்றைத் தின்றுவிடக் கூடும்.