எழுத்தைப் பிடித்து மேலே வந்தவர்கள்

கிராபிக் டிசைன் வேலைக்கு ஆசைப்படும் பிள்ளைகளுக்கு எல்லோரும் காட்டும் வழி ஒன்றுதான். நுண்கலைக் கல்லூரி, பிறகு விளம்பர நிறுவனம், அங்கே ஜூனியர் டிசைனர், ஆர்ட் டைரக்டர், பல வருடம் தாக்குப்பிடித்தால் கிரியேட்டிவ் டைரக்டர். நல்ல வழிதான். ஆனால் பி.காம். முடித்துவிட்டு அச்சகத்தில் டிடிபி பார்ப்பவருக்கும், பொறியியல் வேலை பார்த்துக்கொண்டே இரவில் போஸ்டர் செய்பவருக்கும் அந்தக் கதவு எப்போதோ சாத்தப்பட்டுவிட்டது போலத் தோன்றும். அவர்கள் நாகர்கோவிலிலிருந்து ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும் திருவனந்தபுரத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அந்த ஊரில் எழுத்துருவும் பக்க வடிவமைப்பும் வளர்ந்த கதையில் முன்னால் நிற்பவர்களில் பலர் டிசைன் படித்தவர்களே இல்லை.

கதை 1971-இல் தொடங்குகிறது. தட்டச்சுப் பொறிக்கும் அச்சகத்துக்கும் வசதியாக இருக்க வேண்டும் என்று கேரள அரசு அந்த ஆண்டு மலையாள எழுத்தைச் சீர்திருத்தியது. அதுவரை 'கு', 'கூ' போன்றவற்றில் உகரக் குறி எழுத்தோடு பின்னிக் கிடந்தது. அதைப் பிரித்துப் பக்கத்தில் தனியாக வைத்தார்கள். கூட்டெழுத்துகளை உடைத்து, நடுவே சந்திரக்கலை என்ற குறியைப் போட்டு வரிசையாக நிறுத்தினார்கள். நமக்கு 1978-இல் வந்த மாற்றம் ணா, றா, னா, லை, னை போன்ற 13 எழுத்துகளோடு முடிந்தது. மலையாளத்திலோ பக்கத்தின் முகமே மாறிப்போனது. பழையதும் புதியதும் கலந்து, ஆளுக்கொரு விதமாக அச்சடிக்கும் குழப்பமும் கூடவே வந்தது.

இதற்கு மறுப்பாக 1999-இல் திருவனந்தபுரத்தில் ரசனா அக்ஷரவேதி என்ற குழு எழுந்தது. முன்னின்றவர் ஆர். சித்ரஜகுமார். அவர்களுடைய வாதம் எளிமையானது. தட்டச்சுப் பொறியில் விசைகள் குறைவு, அதனால் எழுத்தை வெட்டினோம். கணினிக்கு அந்த நெருக்கடி இல்லை, பிறகு ஏன் வெட்டிய எழுத்தோடு வாழ வேண்டும்? வாதத்தை மேடையில் சொல்லிவிட்டுப் போகாமல் எழுத்துருவாகவே செய்து காட்டினார்கள். ரசனா என்ற அந்த எழுத்துருவுக்குத் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்களை வரைந்தவர் கே.எச். ஹுசைன். அவர் பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் நூலக, தகவல் பணியில் இருந்தவர். புத்தகங்களை வகைப்படுத்தி அடுக்கும் வேலை பார்த்தவருக்கு, ஒரு மொழியின் அத்தனை கூட்டெழுத்துகளையும் விடாமல் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் இடம் தேடிக் கொடுக்கும் பொறுமை இருந்தது. டிசைன் பள்ளியில் கிடைக்காத பயிற்சி அது.

ஹுசைன் பிறகு மீரா என்ற எழுத்துருவையும் செய்தார். அதன் தமிழ்த் துணையாக வந்ததுதான் மீரா இனிமை. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு மலையாளி, வன ஆராய்ச்சி நிறுவனத்து நூலக மனிதர், தமிழுக்குச் செய்து கொடுத்த எழுத்துரு.

ரசனா குழுவை நான் இங்கே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கிரியேட்டிவ் டைரக்டர் என்றால் அழகாக வரைபவர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எதை வரைய வேண்டும், எதற்காக, எதைத் தொடவே கூடாது என்று முடிவெடுத்து, அந்த முடிவுக்குப் பொறுப்பேற்பவர்தான் அவர். அக்ஷரவேதி அதைச் செய்தது: எந்த எழுத்து மரபு, யாருக்காக, ஏன் என்று தீர்மானித்தது. விளம்பர நிறுவனத்தில் இருபது வருடம் இருந்தும் இதைக் கற்றுக்கொள்ளாதவர்கள் உண்டு.

இன்னும் சில பக்க வழிகள்

திருவனந்தபுரத்தின் இன்னொரு கிளை கணிதத்திலிருந்து வருகிறது. அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் நூத் 1977-இல் தன் புத்தகத்தின் அச்சுப் படியைப் பார்த்தார். எழுத்துக்கோப்பு மோசமாக இருந்தது. பொறுக்க முடியாமல் டெக் என்ற பக்கம் கோக்கும் மென்பொருளைத் தானே எழுதினார். அதைக் கேரளத்தில் மாணவர்களிடம் கொண்டு சேர்த்தவர்களில் முக்கியமானவர் கேரளப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் கே.எஸ்.எஸ். நம்பூரிபாட். 1998-இல் இந்திய டெக் பயனர் குழு தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே. 2002-இல் உலக டெக் பயனர் மாநாடு முதன்முறையாக இந்தியாவுக்கு வந்ததும் திருவனந்தபுரத்துக்குத்தான். சி.வி. ராதாகிருஷ்ணனின் ரிவர் வேலி டெக்னாலஜீஸ் போன்ற நிறுவனங்கள் அந்த ஊரிலிருந்தே உலக ஆய்விதழ்களுக்குப் பக்கம் கோத்துக் கொடுத்தன. கணிதம் படித்த பிள்ளைகளுக்குப் பக்க வடிவமைப்பு ஒரு தொழிலாயிற்று.

மஞ்சரி என்ற மலையாள எழுத்துருவைச் செய்த சந்தோஷ் தோட்டிங்கலும் டிசைனுக்கு வெளியிலிருந்து வந்தவர்தான், மென்பொருள் பொறியாளர். அந்த எழுத்துருவின் வளைவுகள் சுருள் வளைவுகளின் கணிதத்தை அடிப்படையாகக் கொண்டவை. 2019-இல் வந்த காயத்ரி எழுத்துருவில் வடிவம் பினோய் டொமினிக், எழுத்துகளைச் சரியாகச் சேரவைக்கும் ஓப்பன்டைப் பொறியியல் காவ்யா மனோகர், ஒருங்கிணைப்பு சந்தோஷ் என்று பெயர்கள் பிரித்தே போடப்பட்டன. இந்தப் பழக்கத்தைத் தமிழ் டிசைனர்கள் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். கூட்டு வேலையில் யார் எதைச் செய்தார் என்று எழுதி வைத்தால்தான் அடுத்த வேலை சரியான ஆளைத் தேடி வரும்.

பழைய உதாரணம் வேண்டுமானால் ஜி. அரவிந்தன். ரப்பர் போர்டில் அதிகாரி. 1961 முதல் மாத்ருபூமி வார இதழில் கார்ட்டூன் தொடர் வரைந்தார். பிறகு நாடகம் இயக்கினார், 1974-இல் 'உத்தராயணம்' படத்தை எடுத்தார். நம் பக்கத்தில் மலேசியாவின் முத்து நெடுமாறன். பொறியாளர், முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியவர். ஆப்பிள் கருவிகளில் இருக்கும் இணைமதி எழுத்துரு அவர் கைவண்ணம். அதே கருவிகளின் எழுத்துருப் பட்டியலில் தமிழ் எம்என் என்று பார்த்திருப்பீர்கள், எம், என் என்ற இரண்டு எழுத்தும் அவர் பெயரின் சுருக்கமே.

எங்கே தொடங்குவது

முதலில், இருக்கிற வேலையை விடாதீர்கள். நூலக வேலையும் ரப்பர் போர்டு வேலையும் மேலே சொன்னவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை. மாதச் சம்பளம் இருந்தால் ஒரு எழுத்துருவுக்கு இரண்டு வருடம் செலவழிக்கலாம். சம்பளம் இல்லாதவர் மூன்றாவது மாதமே கல்யாணப் பத்திரிகை டிசைனுக்குப் போய்விடுவார். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அரசு ஊழியரானால் வெளிவேலைக்குப் பணம் வாங்க முன் அனுமதி வேண்டும். தனியார் நிறுவனமானால் பணி ஒப்பந்தத்தில் நீங்கள் ஓய்வு நேரத்தில் செய்வதும் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற வரி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். எழுத்துருவை வெளியிட்ட பிறகு படித்தால் பயன் இல்லை.

அடுத்து, உங்கள் ஊரில் தினமும் கண்ணில் படும் ஒரு எழுத்துச் சிக்கலைப் பிடியுங்கள். திருவனந்தபுரம் சாலை பஜாரில் ஒரு நேந்திரம் சிப்ஸ் பாக்கெட்டைக் கையில் எடுங்கள். மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் உள்ளங்கை அகல இடத்துக்குள் வர வேண்டும். பெரும்பாலும் ஆங்கிலத்தை முதலில் அமைத்துவிட்டு, மிச்ச இடத்தில் மற்ற இரண்டையும் நெருக்குவார்கள். தமிழ்ச் சொல் நீளமானது. அதைப் பக்கவாட்டில் அமுக்கினால் 'ண'வின் சுழிகள் ஒட்டிக்கொள்ளும், 'ழ'வின் கீழ்ச்சுழி மையில் அடைந்துபோகும். தமிழை முதலில் அமையுங்கள், அதன் அகலத்துக்கு மலையாளத்தைப் பொருத்துங்கள், ஆங்கிலத்தைக் கடைசியில் வையுங்கள். மூன்றின் எழுத்துயரத்தையும் எண்ணில் ஒன்றாக வைக்காமல் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும்படி வையுங்கள். மூன்று மொழியையும் இப்படி மதித்து அமைக்கத் தெரிந்தவர்கள் குறைவு. குமரி மாவட்டத்தில் வளர்ந்து, தமிழும் மலையாளமும் படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு இதில் பிறவியிலேயே ஒரு அனுகூலம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் எல்லோரையும் போல லோகோ செய்யப் போவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

எழுத்துருவே செய்ய ஆசை என்றால் ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற மென்பொருள் இலவசம். மேக் வைத்திருப்பவர்கள் கிளிஃப்ஸ் வாங்கலாம். தமிழில் 247 எழுத்தையும் வரைய வேண்டாம். உயிர், ஆய்தம், அகரமேறிய மெய், புள்ளி வைத்தவை, இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள், தனிக் குறிகள், கிரந்தம் என்று சுமார் 150 வடிவங்களில் அடங்கிவிடும். முதலில் 'க', 'ட', 'ப', 'ம', 'ழ', 'று' என்று கொஞ்சம் மட்டும் வரைந்து, அவற்றால் வரும் சொற்களை அச்சடித்துப் பாருங்கள். திரையில் பெரிதாகப் பார்த்து மயங்க வேண்டாம். 9 பாயின்ட் அளவில், செய்தித்தாள் தரத்துக் காகிதத்தில் அச்சடித்து, கண்ணாடி போட்டுப் படிக்கும் ஒரு பெரியவரிடம் கொடுங்கள். அவர் எங்கே தடுக்குகிறாரோ அங்கே வேலை இருக்கிறது. தடித்த வடிவத்தில் 'ழ'வின் சுழி அடைபட்டால் கோட்டை மெலிதாக்குவதா, சுழியைப் பெரிதாக்கி எழுத்தையே அகலப்படுத்துவதா? அகலப்படுத்தினால் பத்தியில் வரி கூடும், பதிப்பாளருக்குக் காகிதச் செலவு ஏறும். அந்த இடத்தில் நீங்கள் எடுக்கும் முடிவும், அதற்குச் சொல்லும் காரணமும்தான் போர்ட்ஃபோலியோ. பளபளப்பான நாற்பது போஸ்டர்களைவிட, சிக்கல் இது, யோசித்த வழிகள் இவை, தேர்ந்த வழி இது, விளைவு இப்படி என்று நாலு பக்கம் எழுதிய ஒரு வேலை உங்களை வேகமாக உயர்த்தும்.

படிக்க வசதியுள்ளவர்கள் படிக்கட்டும். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம், மும்பை ஐஐடியின் ஐடிசி, சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகள், திருவனந்தபுரம் நுண்கலைக் கல்லூரி எல்லாம் இருக்கின்றன. கட்டமரான் எழுத்துருவைச் செய்த பிரியா ரவிச்சந்திரன் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் எழுத்துரு வடிவமைப்பே படித்தவர். பட்டம் பழக்கத்தையும் தொடர்புகளையும் தரும். அது இல்லாததை மட்டும் தயங்குவதற்குக் காரணமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

பணம் எங்கிருந்து வரும் என்பது நியாயமான கேள்வி. திறந்த உரிமத்தில் வெளியிட்ட எழுத்துரு நேரடியாகக் காசு தராது, உங்கள் பெயரைக் கொண்டு போய்ச் சேர்க்கும். வருமானம் அதைப் பார்த்து வருபவர்களிடமிருந்து: தங்களுக்கென எழுத்துரு கேட்கும் பத்திரிகை, செயலியைத் தமிழிலும் மலையாளத்திலும் கொண்டுவரும் நிறுவனம், பழைய பாமினி எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிப் புத்தகமாக்க நினைக்கும் பதிப்பகம், ஓப்பன்டைப் வேலை தெரிந்த ஆளைத் தேடும் டிசைனர். எந்த வேலையானாலும் எழுத்தில் மதிப்பீடு கொடுங்கள். முன்பணம் வாங்குங்கள். எத்தனை முறை திருத்தம், மூலக்கோப்பு யாருக்குச் சொந்தம் என்பதை அதிலேயே எழுதுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. நாகர்கோவிலில் உட்கார்ந்து திருவனந்தபுரத்து வாடிக்கையாளருக்குச் செய்தாலும் அதே வரம்புதான்.

கையால் செய்வதிலிருந்து முடிவெடுப்பதற்கு நகர்வதே கடைசிப் படி, கடினமான படியும் அதுதான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதுங்கள்: யார் படிக்கப் போகிறார்கள், எங்கே வைத்துப் படிப்பார்கள், எதைச் செய்யவே மாட்டோம். வாடிக்கையாளர் சிவப்பு கேட்டால் ஏன் என்று கேளுங்கள். உங்களைவிட நன்றாக வரைபவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர் பெயரைப் போடுங்கள்.

தமிழில் பாடநூலுக்கு, நாளிதழுக்கு, பேருந்துப் பலகைக்கு, மருந்து அட்டையின் பொடி எழுத்துக்கு என்று தனித்தனியாக யோசித்துச் செய்த எழுத்துருக்கள் இன்னும் நிறையத் தேவைப்படுகின்றன. அச்சகத்தில் இருபது வருடமாக எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் டிடிபி ஆபரேட்டருக்கு எங்கே என்ன சரியில்லை என்று ஏற்கெனவே தெரியும். ஃபான்ட்ஃபோர்ஜை இந்த வாரமே இறக்கிக்கொள்ளுங்கள், 'ழ'வில் தொடங்குங்கள்.