எண்ணிப் பார்த்த அணி

நுழையும்முன்

விளையாட்டில் வெற்றியும் தோல்வியும் திடலில் மட்டும் முடிவாவதில்லை. ஒரு பருவம் முடிந்து அடுத்த பருவம் தொடங்குவதற்கு இடைப்பட்ட மாதங்களிலும் அவற்றுக்கான விதை ஊன்றப்படுகிறது. எவரை அணியில் சேர்ப்பது, எவரை அனுப்பிவிடுவது, இருக்கும் பணத்தை எவ்வாறு செலவிடுவது என்னும் வினாக்கள் அப்போது எழுகின்றன. பணம் குறைந்த பேஸ்பால் அணி ஒன்று அவ்வினாக்களுக்கு எவ்வாறு விடை கண்டது என்பதை இப்பாடம் கூறுகிறது.

ஆட்டம் அறிவோம்

அமெரிக்க மக்கள் பெரிதும் விரும்பும் விளையாட்டு பேஸ்பால். ஒருவர் பந்தை எறிவார். எதிரணியைச் சேர்ந்தவர் மட்டையால் அதை அடிப்பார். திடலில் நான்கு மூலைகளில் நான்கு தளங்கள் உள்ளன. மட்டையாளர் முதல் மூன்று தளங்களையும் கடந்து, தாம் புறப்பட்ட தளத்திற்கே திரும்பினால் அணிக்கு ஓர் ஓட்டம் கிடைக்கும். பந்தைத் திடலின் எல்லைக்கு அப்பால் பறக்கவிட்டால் நான்கு தளங்களையும் ஒரே வீச்சில் சுற்றி வரலாம். அதனை 'ஹோம் ரன்' என்பர்.

அடிக்காமலே முதல் தளத்தை அடையும் வழியும் ஒன்று உண்டு. எறிபவர், உரிய எல்லைக்குள் வராத பந்துகளை நான்கு முறை எறிந்து, மட்டையாளர் அவற்றை அடிக்காமல் விட்டுவிட்டால், அவர் முதல் தளத்திற்கு நடந்தே செல்லலாம். அதற்கு 'நடை' என்று பெயர். ஹோம் ரன் அடித்தவரை மக்கள் ஆரவாரத்துடன் வரவேற்பர். நடையால் தளம் சேர்ந்தவரைக் கண்டுகொள்வோர் சிலரே.

ஓர் ஆட்டத்தில் ஒன்பது சுற்றுகள் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் மூவர் ஆட்டமிழந்தால் எதிரணியின் முறை வந்துவிடும். எனவே, ஓர் அணிக்குக் கிடைப்பவை 27 ஆட்டமிழப்புகளே. அவை தீரும்வரைதான் அவ்வணி ஓட்டங்களைச் சேர்க்க இயலும்.

வெற்றியை அடுத்து வந்த இழப்பு

கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லாந்து நகரில் 'அத்லெடிக்ஸ்' என்னும் அணி இருந்தது. 2001ஆம் ஆண்டுப் பருவத்தின் 162 ஆட்டங்களில் அவ்வணி 102 ஆட்டங்களை வென்றது. எனினும், அதன்பின் நடைபெற்ற தகுதிச் சுற்றில் செல்வ வளம் மிக்க நியூயார்க் யாங்கீஸ் அணியிடம் மூன்றுக்கு இரண்டு என்னும் கணக்கில் தோற்று வெளியேறியது.

பருவம் முடிந்ததும் அடுத்த இடி விழுந்தது. அணியின் சிறந்த வீரர் மூவரின் ஒப்பந்தங்கள் முடிவடைந்தன. தலைசிறந்த மட்டையாளரான ஜேசன் ஜியாம்பியை, ஏழு ஆண்டுகளுக்கு 12 கோடி டாலர் தருவதாகக் கூறி, யாங்கீஸ் அணியே அழைத்துக்கொண்டது. ஜானி டேமன் பாஸ்டன் அணிக்கும், இறுதிச் சுற்றுகளில் பந்தெறியும் ஜேசன் இஸ்ரிங்ஹவுசன் செயின்ட் லூயிஸ் அணிக்கும் சென்றனர்.

ஐ.பி.எல். கிரிக்கெட்டில் எல்லா அணிகளுக்கும் ஏலத்தொகையின் உச்சவரம்பு ஒன்றே. பேஸ்பாலில் அத்தகைய கட்டாய உச்சவரம்பு இல்லை. செல்வம் உடைய அணி விரும்பிய அளவு செலவிடலாம். 2002ஆம் ஆண்டில் யாங்கீஸ் அணி வீரர்களின் ஊதியம் ஏறத்தாழ 12.5 கோடி டாலர். ஓக்லாந்து அணியினுடையது ஏறத்தாழ 4 கோடி டாலர். ஜியாம்பிக்கு நிகரான மற்றொருவரை விலைகொடுத்து வாங்க ஓக்லாந்தால் இயலவில்லை.

எண்கள் சொன்ன விடை

அணியின் பொது மேலாளர் பில்லி பீன் ஒருகாலத்தில் பேஸ்பால் வீரராக இருந்தவர். உயரமும் வேகமும் வலிமையும் கொண்ட அவரை இளமையில் கண்டோர், "இவர் பெரும் வீரராவார்" என்று உறுதியாக நம்பினர். 1980ஆம் ஆண்டில் நியூயார்க் மெட்ஸ் அணி அவரை முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்தது. ஆயினும், அந்த நம்பிக்கை நிறைவேறவில்லை. தோற்றத்தைக் கண்டு திறனை அளப்பது எவ்வளவு தவறாக முடியும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சான்றாயிற்று.

அவருக்குத் துணையாக இருந்தவர் பால் டிபோடெஸ்டா. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்ற இளைஞர் அவர். அடுத்த பருவத்தில் தகுதிச் சுற்றை அடைய 95 வெற்றிகள் வேண்டும் என்றும், அதற்கு எதிரணிகளைவிட 135 ஓட்டங்கள் கூடுதலாக எடுக்க வேண்டும் என்றும் அவர் கணக்கிட்டார். 'ஜியாம்பிக்கு மாற்று யார்?' என்ற வினா அங்கே மறைந்தது. 'இழந்த ஓட்டங்களை எவ்வாறு மீட்பது?' என்ற வினா அதன் இடத்தைப் பெற்றது.

இவ்வகைச் சிந்தனைக்கு வழிவகுத்தவர் பில் ஜேம்ஸ். கான்சாஸ் மாநிலத்தில் தொழிற்சாலை ஒன்றில் இரவுக் காவலராகப் பணியாற்றிய அவர், 1977 முதல் பேஸ்பால் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து நூல்களாக வெளியிட்டார். பழக்கத்தால் ஏற்கப்பட்ட கருத்துகளை எண்களைக் கொண்டு சோதித்தார்.

27 ஆட்டமிழப்புகளே கிடைக்கும் ஆட்டத்தில், ஆட்டமிழக்காமல் தளம் சேர்பவரே அரியவர். அவர் அடித்துச் சேர்ந்தாலும் நடையால் சேர்ந்தாலும் அணிக்குப் பயன் உண்டு. 2001ஆம் ஆண்டில் ஜியாம்பி நூற்றுக்கு ஏறத்தாழ 48 முறை தளம் சேர்ந்தார்; புகழ் மிக்க டேமனோ ஏறத்தாழ 32 முறையே சேர்ந்தார். தளம் சேரும் திறனுக்குச் சந்தையில் உரிய விலை இல்லை என்பதைப் பீனும் டிபோடெஸ்டாவும் உணர்ந்தனர். விலை குறைவாகவும் பயன் மிகுதியாகவும் உள்ள பொருளைத் தேடி வாங்கும் வணிகரைப் போல அவர்கள் வீரர்களைத் தேடினர்.

யாரும் வேண்டாத வீரர்

ஸ்காட் ஹாட்டிபெர்க் பாஸ்டன் அணியில், மட்டையாளருக்குப் பின்னே அமர்ந்து பந்து பிடிப்பவராக இருந்தார். முழங்கை நரம்பு பாதிக்கப்பட்டு அறுவை சிகிச்சை நடந்த பிறகு, அவரால் முன்போல் பந்தை விசையுடன் எறிய இயலவில்லை. பந்து பிடிப்பவருக்கு அது பெருங்குறை. பாஸ்டன் அணி அவரைக் கொலராடோ அணிக்கு மாற்றியது. அவ்வணியும் அவரைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அப்போது வயது 32.

பிறர் அவரது கையைப் பார்த்தனர். ஓக்லாந்து அணியினர் அவரது கண்ணைப் பார்த்தனர். எந்தப் பந்தை அடிக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதைப் பொறுமையுடன் தேர்ந்தறியும் ஆற்றல் அவரிடம் இருந்தது. 10 லட்சம் டாலருக்கும் குறைவான ஊதியத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டனர். அவர் முன்பு நின்றறியாத முதல் தளக் காவலுக்கு அவரை அனுப்பினர். பயிற்சியாளர் ரான் வாஷிங்டன் அதற்கான நுணுக்கங்களைப் பொறுமையுடன் கற்பித்தார்.

முதுமை நெருங்கிவிட்டது என்று பிறர் கருதிய டேவிட் ஜஸ்டிஸும் அணியில் சேர்ந்தார். ஓராண்டுக்கு முன்பே வந்திருந்த சாட் பிராட்போர்டு, கை தரையை உரசும் அளவுக்குத் தாழ்ந்து பந்தெறிவார். அவரது எறிமுறை விந்தையானது. ஆனால், அவர் பந்தை அடிப்பது கடினம். குறையை மட்டும் கண்டோர் விட்டுச்சென்ற நிறையை இவ்வணி எடுத்துக்கொண்டது.

இருபதாம் வெற்றி

2002ஆம் ஆண்டுப் பருவம் இனிதாகத் தொடங்கவில்லை. மே மாதத்தில் ஒரு கட்டத்தில் அணியின் தோல்விகள் வெற்றிகளை மிஞ்சின. பழைய வழியே சிறந்தது என்போரின் குரல் ஓங்கியது. பின்னர் நிலை மாறியது. ஆகஸ்ட் 13 முதல் அணி தொடர்ந்து 19 ஆட்டங்களை வென்றது.

செப்டம்பர் 4 அன்று கான்சாஸ் சிட்டி அணியுடன் இருபதாம் ஆட்டம். ஓக்லாந்து 11–0 என முன்னிலை பெற்றது. எளிய வெற்றி என்றே அனைவரும் எண்ணினர். ஆனால், எதிரணி சிறிது சிறிதாக ஓட்டங்களைச் சேர்த்து, ஒன்பதாம் சுற்றில் 11–11 எனச் சமன் செய்துவிட்டது. அப்போது மற்றொரு வீரருக்கு மாற்றாக மட்டையுடன் வந்தவர் ஹாட்டிபெர்க். அவர் அடித்த பந்து எல்லையைக் கடந்து பறந்தது. 12–11! அமெரிக்கன் லீக் வரலாற்றில் அதுவரை எந்த அணியும் தொடர்ந்து இருபது ஆட்டங்களை வென்றதில்லை. எறிய இயலாத கையர் என்று ஒதுக்கப்பட்டவரே அவ்வெற்றியைத் தேடித் தந்தார்.

கணக்கும் அதன் எல்லையும்

பருவ முடிவில் ஓக்லாந்து 103 வெற்றிகளைப் பெற்றது. யாங்கீஸ் அணியும் 103 வெற்றிகளையே பெற்றது. ஒரே பயனை மூன்றில் ஒரு பங்கு செலவில் ஓக்லாந்து அடைந்தது. அவ்வணி எடுத்த ஓட்டங்கள் 800, விட்டுக்கொடுத்தவை 654.

எனினும், கணக்கு மட்டுமே வென்றது என்று கூறுதல் பொருந்தாது. டிம் ஹட்சன், மார்க் மல்டர், பாரி ஜிட்டோ என்னும் மூன்று சிறந்த பந்து எறிபவர்கள் அவ்வணியில் இருந்தனர். மிகெல் தெஹாதா அவ்வாண்டின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். தகுதிச் சுற்றின் முதற்கட்டத்தில் மின்னசோட்டா அணியிடம் ஓக்லாந்து மீண்டும் தோற்றது. 162 ஆட்டங்களில் துணைநிற்கும் கணக்கு, ஐந்தே ஆட்டங்களில் கைகொடுக்காமலும் போகலாம்.

2003இல் மைக்கேல் லூயிஸ் எழுதிய 'மணிபால்' என்னும் நூல் இவ்வரலாற்றை உலகறியச் செய்தது. அதன்பின் பிற அணிகளும் அவ்வழியைப் பின்பற்றின. தளம் சேர்வோரின் விலையும் உயர்ந்தது. பில் ஜேம்ஸைப் பணியில் அமர்த்திய பாஸ்டன் அணி, 86 ஆண்டுகளுக்குப் பின் 2004இல் வாகை சூடியது.

'எண்ணுதல்' என்னும் சொல்லுக்குத் தமிழில் கணக்கிடுதல் என்றும் சிந்தித்தல் என்றும் இரு பொருள் உண்டு. ஓக்லாந்து அணி இரண்டையும் செய்தது. பிறர் எண்ணாதவற்றை எண்ணியது. அதனால், பிறர் மதியாதவர்களை மதித்தது.

தெரிந்து தெளிவோம்

அத்லெடிக்ஸ் ஊர்விட்டு ஊர் பெயர்ந்த அணி. 1901இல் பிலடெல்பியாவில் தொடங்கி, 1955இல் கான்சாஸ் சிட்டிக்கும், 1968இல் ஓக்லாந்துக்கும் சென்றது. 2024ஆம் ஆண்டுப் பருவத்துடன் ஓக்லாந்தை விட்டு நீங்கியது. ஊர் மாறினாலும் 'அத்லெடிக்ஸ்' என்னும் பெயரை அது விடவில்லை.

சொல்லும் பொருளும்

பருவம் – போட்டிகள் நடைபெறும் காலம்
உச்சவரம்பு – மிகக்கூடிய எல்லை
அரியவர் – எளிதில் கிடைக்காதவர்
நிறை – சிறப்பு, குறைக்கு எதிர்ச்சொல்
வாகை சூடுதல் – வெற்றி பெறுதல்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்குக் கிடைக்கும் ஆட்டமிழப்புகள் ______.
2. ஹாட்டிபெர்க்குக்கு முதல் தளக் காவலைக் கற்பித்தவர் ______.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. 'நடை' என்பது யாது?
2. டிபோடெஸ்டா 135 ஓட்டங்கள் கூடுதலாக வேண்டும் என்றார். அணி பெற்ற வேறுபாடு எவ்வளவு?

இ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. "பிறர் அவரது கையைப் பார்த்தனர், ஓக்லாந்து அணியினர் அவரது கண்ணைப் பார்த்தனர்" – விளக்குக.
2. எண்களால் மனிதரின் திறனை முழுமையாக அளக்க இயலுமா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

ஈ. மொழிப்பயிற்சி
1. பிரித்து எழுதுக: ஆட்டமிழப்பு, அவ்வணி, பெருங்குறை.
2. 'எண்ணினான்' என்னும் சொல்லை இரு பொருளிலும் அமைத்து இரு தொடர்கள் எழுதுக.
3. எழுத்தால் எழுதுக: 103, 162, 654.

உ. செயல்பாடு
நீங்கள் விளையாடும் கிரிக்கெட் ஆட்டம் ஒன்றில், ஒவ்வொருவரும் ஆட்டமிழக்காமல் எத்தனை பந்துகளைச் சந்தித்தனர் என்று குறித்து வருக. நும் குழுவில் சிறந்தவர் எனக் கருதப்படுபவரின் கணக்கையும், எவரும் பாராட்டாத ஒருவரின் கணக்கையும் ஒப்பிட்டு வகுப்பில் தமிழில் பேசுக.