ஃபியூஸ் போனால் டிரான்ஸ்பார்மர் போச்சா?

பாஸ் கிட்டாருக்கென்றே 1950-களின் தொடக்கத்தில் ஃபெண்டர் கொண்டுவந்த வால்வு ஆம்ப், பாஸ்மேன். அந்தப் பத்தாண்டின் இறுதியில் வந்த 5எஃப்6-ஏ மாடலில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள், இரண்டு 5881 பவர் வால்வுகள், ஏ.சி.யை டி.சி. ஆக்க ஒரு ஜிஇசட்34 ரெக்டிஃபையர் வால்வு. மார்ஷலின் முதல் ஆம்ப் இந்த சர்க்யூட்டைப் பார்த்து உருவானதுதான். அறுபது ஆண்டு தாண்டியும் ஓடுகிற இந்த ஆம்ப் ஒருநாள் நின்றுபோனால், முதல் பழி பவர் டிரான்ஸ்பார்மர் மேல்தான் விழுகிறது. நல்ல டிரான்ஸ்பார்மரைச் சந்தேகத்தின் பேரில் கழற்றி எறிந்தால் அந்த அசல் பாகம் திரும்பக் கிடைக்காது.

நம்பிக்கை: ஃபியூஸ் மாற்றினாலும் போகிறது என்றால் டிரான்ஸ்பார்மர் ஷார்ட்.

உண்மை: ஃபியூஸ் சொல்வது, எங்கோ கரன்ட் அதிகம் இழுக்கிறது என்பதை மட்டுமே. ஜிஇசட்34-ஐக் கழற்றிவிட்டு ஆன் செய்து பார்க்கலாம். ஃபியூஸ் போகாமல் நின்றால் டிரான்ஸ்பார்மர் காயில் பெரும்பாலும் நலம். குற்றவாளி அந்த ரெக்டிஃபையரோ, ஃபில்டர் கண்டென்சரோ, பவர் வால்வோதான். அப்போதும் போனால் டிரான்ஸ்பார்மரின் செகண்டரி வயர்கள் அனைத்தையும் சர்க்யூட்டிலிருந்து பிரித்து, ஒன்றோடொன்று தொடாமல் டேப் சுற்றி, பிரைமரிக்கு சீரிஸில் 60 வாட் குண்டு பல்பு போட வேண்டும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒருமுறை மின்னி அணைந்தால் டிரான்ஸ்பார்மர் தப்பித்தது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட்.

நம்பிக்கை: மல்டிமீட்டரில் சில ஓம்தான் காட்டுகிறது, காயில் ஷார்ட் ஆகிவிட்டது.

உண்மை: பிரைமரி காயில் சில ஓம் காட்டுவது இயல்பு. 6.3 வோல்ட் ஹீட்டர் காயில் ஒரு ஓமுக்கும் கீழே காட்டும். காயில் அறுந்திருந்தால் மீட்டர் கண்டுபிடிக்கும். இரண்டு மூன்று சுற்றுகள் ஒட்டியிருந்தால் கண்டுபிடிக்காது. குண்டு பல்பு தேவைப்படுவது அதனால்தான்.

நம்பிக்கை: ம்ம்ம் என்ற இரைச்சல் வந்தால் டிரான்ஸ்பார்மர் எரிகிறது.

உண்மை: ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது வயதான ஃபில்டர் கண்டென்சரை. கை வைத்தால் சுடுவதும் வால்வு ஆம்புக்குப் புதிதல்ல. வார்னிஷ் கருகும் நாற்றம், புகை, வழியும் தார் ஆகியவைதான் ஆபத்தின் அடையாளங்கள்.

நம்பிக்கை: பெரிய ஃபியூஸ் போட்டால் சமாளிக்கலாம்.

உண்மை: காயிலைக் கொல்லும் வழி இது. அமெரிக்காவின் 120 வோல்ட் ஆம்பை நம்மூர் 230 வோல்ட் பிளக்கில் நேரடியாகச் செருகினால் டிரான்ஸ்பார்மரின் இரும்புக் கோர் காந்தப்புலத்தால் நிரம்பி, கரன்ட் பல மடங்காகும். சரியான ஃபியூஸ் அறுந்து காப்பாற்றும். பெரிய ஃபியூஸ் நிற்கும், பிரைமரி எரியும்.

இந்த ஆம்பின் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் டி.சி. ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அது தங்கும். ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டரில் சரிபார்த்த பிறகே கை வைக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுப்பதே சரி. காயில் உண்மையிலேயே எரிந்திருந்தால், ரீவைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு வயரின் நிறத்தையும் அது போகும் இடத்தையும் குறித்து வைக்க வேண்டும். பழைய அமெரிக்க டிரான்ஸ்பார்மர்களில் கறுப்பு பிரைமரி, சிவப்பு உயர் வோல்டேஜ், மஞ்சள் ரெக்டிஃபையர் ஹீட்டர், பச்சை 6.3 வோல்ட்.